ரத்தம் கசிந்ததால் அழற்சியா, அழற்சியால் கசிவா?

கேள்வி: என் கணவருக்கு வயது 44. அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். மூன்று மாதத்துக்கு முன் ஒருநாள் காலை சட்டைப் பட்டனைப் போட முடியாமல் வலது கை துவண்டது, பேச்சு குழறியது. மூளையில் இடது பக்கம், மேல்பரப்புக்குப் பக்கத்தில் ரத்தக்கசிவு என்றார்கள். 12 நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். அதற்கு முன் பிரஷர், சுகர் எதுவும் கிடையாது. ஆனால் ஒரு மாதமாகவே தலை வலிக்கிறது என்பார். தெரிந்த கணக்கிலேயே தப்பு விட்டதாக ஆபீசில் சொன்னார்கள். ஒன்பதாவது வாரம் எடுத்த எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில், மூளையின் இரண்டு பக்கமும் ரத்தக்குழாய்கள் பல இடங்களில் குறுகியிருப்பதாகவும், குழாய்ச் சுவரில் அழற்சி, அதாவது வாஸ்குலைட்டிஸ், இருக்கலாம் என்றும் போட்டிருக்கிறது. ஆனால் ரத்தப் பரிசோதனையில் அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் நார்மல். டாக்டர் தினம் 60 மி.கி. ஸ்டெராய்டு மாத்திரை கொடுத்து மூன்று வாரம் ஆகிறது. முகம் வீங்கிவிட்டது. காலையில் 110 இருக்கும் சுகர் சாயங்காலம் 290 ஆகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து அலமாரியில் துணி அடுக்குகிறார். உடனே நிறுத்து என்கிறார் என் அண்ணன். டாக்டரோ ஆஞ்சியோகிராம் எடுக்க வேண்டும், தேவைப்பட்டால் மூளையிலிருந்து சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார். ரத்தம் கசிந்ததால் இந்த அழற்சி வந்ததா, அழற்சியால் ரத்தம் கசிந்ததா? மாத்திரையை நிறுத்தலாமா? மறுபடி கசியுமா? பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கும் வருமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கொளத்தூர், சென்னை.

பதில்: சகோதரி, மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

உங்கள் அண்ணன் அக்கறையில்தான் சொல்கிறார். வீங்கிய முகத்தையும் 290 என்ற சுகரையும் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் சிறுநீரகங்களின் மேல் தொப்பி வைத்தது போல அட்ரீனல் என்று இரண்டு சுரப்பிகள் இருக்கின்றன. உடம்புக்குத் தேவையான ஸ்டெராய்டை தினமும் சுரப்பது அவைதான். வெளியிலிருந்து தினம் 60 மி.கி. வந்துகொண்டிருந்தால் அவை சுரப்பதை நிறுத்திவிடும். மூன்று வாரம் கழித்து மாத்திரையைச் சட்டென்று விட்டால், அவை மறுபடி எழுந்து வேலைக்கு வர வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதங்கள்கூட ஆகும். அந்த இடைவெளியில் ஒரு சாதாரணக் காய்ச்சல் வந்தாலே ரத்த அழுத்தம் அப்படியே கீழே இறங்கிவிடலாம்.

சில வருடங்களுக்கு முன் வடசென்னையிலிருந்து ஒருவரை ஆட்டோவில் கிடத்திக் கொண்டுவந்தார்கள். வேறொரு நோய்க்காக ஸ்டெராய்டு எடுத்துக்கொண்டிருந்தவர். சுகர் ஏறுகிறது என்று வீட்டில் நிறுத்தி நாலு நாள் ஆகியிருந்தது. இரண்டு நாளாக வாந்தி, எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வருகிறது. நான் பார்க்கும்போது மேல் பிரஷர் 70. கை சில்லிட்டுக் கிடந்தது. ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டெராய்டு ஊசியும் சலைனும் ஏறிய பிறகு, சில மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்து காபி கேட்டார். அவர் மனைவி என் அறை வாசலில் நின்று, "நல்லதுன்னு நெனச்சுத்தான் சார் நிறுத்தினேன்" என்று அழுதது இன்னும் நினைவில் இருக்கிறது. அந்த அம்மா மேல் ஒரு தப்பும் இல்லை. நிறுத்தக் கூடாது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. அதனால்தான் உங்களிடம் முதலில் இதைச் சொன்னேன். மாத்திரையைக் குறைப்பதாக இருந்தால் டாக்டர் எழுதிக் கொடுக்கும் அட்டவணைப்படி, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

சரி, உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். அருமையான கேள்வி அது. இந்த நோயில் வைத்தியமே அந்தக் கேள்விக்கு என்ன பதில் என்பதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. அழற்சி என்ற ஒரே சொல்லை ரிப்போர்ட்டிலும் பேச்சிலும் நாங்கள் இரண்டு வேறு வேறு விஷயங்களுக்குப் பயன்படுத்துகிறோம். கேட்கிறவர்களுக்குக் குழப்பம் வருவது இயல்பு.

முழங்காலில் அடிபட்டால் தோலுக்கடியில் ரத்தம் கட்டுகிறது இல்லையா? முதலில் சிவப்பு, மறுநாள் கருநீலம், அப்புறம் பச்சை, கடைசியில் மஞ்சளாகி மறைகிறது. அந்த நிறமாற்றம், உடம்பு சிந்திய ரத்தத்தை உடைத்து அப்புறப்படுத்தும் வேலையின் அடையாளம். மூளைக்குள் ரத்தம் சிந்தினாலும் அதே வேலை நடக்கிறது. ரத்தம் வெளியே வந்த சில மணி நேரத்தில் மைக்ரோகிளியா என்ற மூளையின் காவல் செல்கள் விழித்துக்கொள்கின்றன. முதல் ஓரிரு நாளில் ரத்த வெள்ளை அணுக்கள் வந்து சேர்கின்றன. பிறகு பெருந்தின்னி செல்கள் வந்து சிதைந்த சிவப்பு அணுக்களை விழுங்குகின்றன. ரத்தத்தை உறைய வைக்கும் திராம்பினும், சிவப்பு அணுக்கள் உடைந்து வெளிவரும் இரும்பும் சுற்றியிருக்கும் மூளைத் திசுவை எரிச்சலூட்டுவதால், ரத்தக்கட்டைச் சுற்றி நீர் கோத்து வீங்குகிறது. இந்த வீக்கம் முதல் ஒன்றிரண்டு வாரம் கூடிக்கொண்டே போகலாம். மூன்றாம் நாள் தெளிவாக இருந்த ஆள் எட்டாம் நாள் மந்தமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சுத்தம் செய்து முடிந்த பிறகும் கொஞ்சம் இரும்பு அங்கேயே கறையாகத் தங்கிவிடும். பல வருடம் கழித்து எம்.ஆர்.ஐ. எடுத்தாலும், அதற்கென்று இருக்கும் ஒரு வகைப் படத்தில் அந்த இடம் மை கொட்டியது போலக் கறுப்பாகத் தெரியும்.

இது ரத்தம் கசிந்ததால் வரும் அழற்சி. யாருக்குக் கசிந்தாலும் வரும், தானாக அடங்கும். இதற்கு ஸ்டெராய்டு தேவையில்லை, கொடுத்தும் பலன் இல்லை. 1987-ல் தாய்லாந்து மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மூளையில் ரத்தம் கசிந்த 93 பேரில் ஒரு பாதிப் பேருக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டெராய்டையும், மறு பாதிக்கு மருந்துச் சத்தே இல்லாத போலி மருந்தையும் கொடுத்துப் பார்த்தார்கள். ஸ்டெராய்டால் உயிர் பிழைத்தவர்கள் கூடவில்லை. தொற்றும் சர்க்கரைத் தொல்லையும்தான் கூடின. ஆய்வைப் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. ஆக, உங்கள் கணவருக்கு ஸ்டெராய்டு கொடுத்திருக்கிறார்கள் என்றால் அது சிந்திய ரத்தத்துக்காக இல்லை. டாக்டரின் மனதில் இருப்பது இரண்டாவது வகை அழற்சி.

அதில் வரிசை தலைகீழ். உடம்பின் எதிர்ப்பு அணுக்கள் காரணம் தெரியாமல் மூளையின் ரத்தக்குழாய்ச் சுவருக்குள்ளேயே புகுந்துகொள்கின்றன. சுவர் தடித்து உள்வழி குறுகினால் ரத்தம் போகாமல் அந்த இடம் வாடும். சுவரே அரிக்கப்பட்டால், அதை இழுத்துப் பிடித்திருக்கும் மீள்தன்மையுள்ள படலம் அறுந்து, பலவீனமான இடத்தில் வெடிக்கும். நோய் மூளைக்குள்ளும் முதுகுத்தண்டுவடத்துக்குள்ளும் மட்டும் நின்றால் அதற்கு முதன்மை மூளை ரத்தக்குழாய் அழற்சி என்று பெயர். மிகவும் அரிது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு மாவட்டத்து மருத்துவப் பதிவுகளை முழுதாக அலசியபோது, 10 லட்சம் பேரில் வருடத்துக்கு 2.4 பேர் என்றுதான் கணக்கு வந்தது. அந்த நோய் உள்ளவர்களிலும் பத்தில் ஒருவருக்குத்தான் ரத்தக்கசிவு வருகிறது. மற்றவர்களுக்கு அடைப்பு, தலைவலி, மறதி என்று வரும்.

அவ்வளவு அரிதானது உங்கள் வீட்டிலா என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் கடிதத்தைப் படிக்க ஆரம்பித்தபோது அப்படித்தான் தோன்றியது. படித்து முடித்தபோது தோன்றவில்லை. உங்கள் கடிதத்தில் இரண்டு வரிகளை அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன்.

முதல் வரி, ஒரு மாதமாகத் தலைவலி, தெரிந்த கணக்கில் தப்பு. பிரஷரால் குழாய் வெடித்தால் பெரும்பாலும் முன்னறிவிப்பு இருக்காது. நேற்று வரை நன்றாக இருந்தவர் இன்று விழுவார். இவருக்கோ ரத்தம் கசிவதற்குப் பல வாரம் முன்பே மூளையில் ஏதோ நடக்க ஆரம்பித்திருக்கிறது. விடாத தலைவலியும், கொஞ்சம் கொஞ்சமாக யோசனை தடுமாறுவதும் இந்த நோயில் அதிகம் பார்க்கும் அறிகுறிகள்.

இரண்டாவது வரி, இரண்டு பக்கமும், பல இடங்களில். ரத்தம் கசிந்தது இடது பக்கம். கசிவைத் தொட்டுக்கொண்டிருக்கும் குழாய்களில் மட்டும் மாற்றம் தெரிந்தால், அது முன்னே சொன்ன துப்புரவு வேலையின் பகுதி என்று விட்டுவிடலாம். இரண்டு மூன்று மாதம் வரை அந்த ஓரம் ஸ்கேன் மருந்தை உறிஞ்சி வெள்ளையாகத் தெரிவது சகஜம். ஆனால் ஒரு சொட்டு ரத்தமும் சிந்தாத வலது பக்கத்தில் குழாய்கள் குறுகியிருந்தால், இடது பக்கக் கசிவால் அது வந்திருக்க வழியில்லை. மூளையைப் போர்த்தியிருக்கும் சவ்வுக்கடியில் ரத்தம் பரவியிருந்தால் மட்டும் நாலாம் நாளிலிருந்து இரண்டு வாரம் வரை குழாய்கள் சுருங்கும். அதுவும் ஒன்பதாவது வாரம் வரை நீடிக்காது.

ஆகவே, உங்கள் கணவர் விஷயத்தில் அழற்சி முந்தி, கசிவு பிந்தி என்பதற்கே வாய்ப்பு அதிகம். நேரில் பார்க்காமல் இதற்கு மேல் உறுதியாகச் சொல்ல மாட்டேன். உங்கள் டாக்டர் சரியான திசையில்தான் போகிறார் என்று மட்டும் தைரியமாகச் சொல்வேன்.

இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. நார்மலாக இருக்கிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த நோயில் பெரும்பாலும் நார்மலாகத்தான் இருக்கும். அடுப்படியில் கதவைச் சாத்திக்கொண்டு மிளகாய் வறுத்தால் வாசலில் இருப்பவருக்கு நெடி தெரியாது. அந்த இரண்டு பரிசோதனைகளும் உடம்பு முழுக்க ஓடும் ரத்தத்தில் எடுப்பவை, மூளைக்குள் நடப்பது அங்கே எட்டுவதில்லை. அவை மிகவும் கூடியிருந்தால்தான் லூபஸ் போல உடம்பெங்கும் பரவிய நோயோ, கிருமித் தொற்றோ என்று சந்தேகிப்போம். மூளைக்குள் நடப்பது தெரிய வேண்டுமானால் முதுகுத்தண்டில் ஊசி போட்டு எடுக்கும் நீரைப் பார்க்க வேண்டும். இந்த நோயாளிகளில் பெரும்பாலானவர்களுக்கு அந்த நீரில் புரதமோ வெள்ளை அணுக்களோ கூடியிருக்கும். உங்கள் கடிதத்தில் அந்தப் பரிசோதனை பற்றி ஒன்றும் இல்லை. எடுத்தார்களா என்று கேளுங்கள்.

அந்த நீரை வலியுறுத்த எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் ஊரில் மூளை ரத்தக்குழாயில் அழற்சி என்றதும் முதலில் நினைக்க வேண்டியது காசநோய். மூளைச் சவ்வில் காசநோய் வந்தால் அதன் வழியே ஓடும் குழாய்களும் வெந்துபோகும். சிபிலிஸ் என்ற பால்வினை நோய், எச்.ஐ.வி., அக்கி அம்மையை உண்டாக்கும் வைரஸ் இவையும் குழாயைத் தாக்கும். இதய வால்வில் கிருமி ஒட்டிக்கொண்டு, அங்கிருந்து துணுக்குகள் மூளைக்குப் போய்க் குழாயை அரித்து வெடிக்க வைப்பதும் உண்டு. இவை எல்லாவற்றுக்கும் தனித்தனி மருந்து இருக்கிறது. இவற்றைக் கண்டுபிடிக்காமல் ஸ்டெராய்டை மட்டும் கொடுத்துக்கொண்டே போனால் கிருமிக்குத்தான் கொண்டாட்டம். மார்பு எக்ஸ்ரே, காசநோய்ப் பரிசோதனை, எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி மற்றும் சி, சிபிலிஸுக்கான வி.டி.ஆர்.எல்., இதய எக்கோ, காய்ச்சல் இருந்தால் ரத்தக் கல்ச்சர், இவையெல்லாம் முடிந்துவிட்டனவா என்று ஃபைலைப் புரட்டிப் பாருங்கள். எச்.ஐ.வி., சிபிலிஸ் என்று எழுதியிருப்பதைப் பார்த்து மனம் சங்கடப்பட வேண்டாம். யாரையும் சந்தேகப்பட்டு எழுதுவதில்லை, எல்லோருக்கும் எழுதுவதுதான்.

அழற்சியே இல்லாமல் அழற்சி போல வேடம் போடும் ஒன்றும் இருக்கிறது. மூளைக் குழாய்கள் சில வாரங்களுக்குச் சுருங்கி, படத்தில் பாசிமணி கோத்தது போலத் தெரியும், பிறகு மூன்று மாதத்துக்குள் தானாகவே விரிந்துவிடும். பிரசவத்துக்குப் பின் சில பெண்களுக்கு வரும். சளி மாத்திரைகளில் இருக்கும் மூக்கடைப்பு மருந்தாலும், கஞ்சாவாலும்கூட வரும். அதற்கு ஸ்டெராய்டு கொடுத்தால் நிலைமை மோசமாகலாம். ஆனால் அதில் வரும் தலைவலி இடி இறங்கியது போல ஒரு நிமிடத்தில் உச்சத்துக்குப் போகும், ஒரு வாரம் இரண்டு வாரத்துக்கு விட்டு விட்டு அப்படியே வரும். உங்கள் கணவருக்கு ஒரு மாதமாகவே வலித்தது என்கிறீர்கள். அது பொருந்தவில்லை. இருந்தாலும் அந்தத் தலைவலி எப்படி ஆரம்பித்தது, அந்தச் சமயம் என்னென்ன மாத்திரை சாப்பிட்டார் என்று அவரிடம் பொறுமையாகக் கேட்டு ஒரு தாளில் எழுதிவையுங்கள். பேச்சு தடுமாறினாலும் ஆமாம், இல்லை என்று தலையாட்டிச் சொல்ல முடியும்.

பிரஷர் கிடையாது என்று எழுதியிருக்கிறீர்கள். குறையாகச் சொல்லவில்லை, தினமும் கேட்கும் பதில் இது. அடுத்து, கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டால், பாதிப் பேர் பார்த்ததே இல்லை என்பார்கள். மூளையில் ரத்தம் கசிய உலகம் முழுக்க முதல் காரணம் உயர் ரத்த அழுத்தம்தான். அது பெரும்பாலும் மூளையின் ஆழத்தில் இருக்கும் நூலிழைக் குழாய்களை வெடிக்க வைக்கும். உங்கள் கணவருக்கு மேல்பரப்புக்குப் பக்கத்தில் கசிந்திருப்பதால் வேறு காரணம் தேடியது நியாயம். என்றாலும் எக்கோவில் இதயச் சுவர் தடித்திருக்கிறதா, கண் டாக்டர் விழித்திரையைப் பார்த்தால் பழைய பிரஷரின் தழும்பு தெரிகிறதா என்று பார்த்துவிட வேண்டும். பல வருடம் யாருக்கும் தெரியாமல் இருந்த பிரஷர் அந்த இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கும்.

இனி ஆஞ்சியோகிராம். தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ மெல்லிய குழாய் செலுத்தி, மருந்து விட்டுப் படம் எடுப்பார்கள். ஆள் விழித்துக்கொண்டுதான் இருப்பார். மருந்து போகும்போது தலைக்குள் சூடாக ஏதோ பரவுவது போல இருக்கும். அதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள், பயப்பட மாட்டார். சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று தெரிய முன்னாடியே ரத்தத்தில் கிரியேட்டினின் பார்த்துக்கொள்வார்கள். இந்தப் படம் அவசியம் தேவை, ஆனால் இதுவே முடிந்த முடிவு ஆகாது. அரை மில்லிமீட்டருக்கும் மெல்லிய குழாய்கள் இதில் சரியாகத் தெரியாது, இந்த நோய்க்கோ அந்த மெல்லிய குழாய்களில் ஒளிந்துகொள்ளும் பழக்கம் உண்டு. குறுகல் தெரிந்தாலும் அது அழற்சியால்தான் என்று படம் மட்டும் சொல்லாது. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இப்போது குழாய்கள் விரிந்திருந்தால், தானாக விரிந்தனவா, மூன்று வார ஸ்டெராய்டால் விரிந்தனவா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். டாக்டரிடம் இதை வெளிப்படையாகக் கேளுங்கள்.

சதைப் பரிசோதனை என்றதும் உங்களுக்குக் குலை நடுங்கியிருக்கும். மூளையில் கை வைப்பதா என்று எல்லாக் குடும்பமும் கேட்கும். எடுப்பது ஒரு கொண்டைக்கடலை அளவு. மூளையின் மேல்சவ்வும் அதற்கடியில் இருக்கும் மேல்பரப்பும் சேர்ந்து வரும்படி, பேச்சுக்கும் கை கால் அசைவுக்கும் தொடர்பில்லாத ஓர் இடத்திலிருந்தோ, ஸ்கேனில் மாற்றம் தெரியும் இடத்திலிருந்தோ நியூரோ சர்ஜன் எடுப்பார். ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். கசிவு, வலிப்பு, தொற்று இவை சிலருக்கு வரலாம். பழகிய கைகளில் அது குறைவு. நோய் தொட்டும் தொடாமலும் திட்டுத் திட்டாகப் பரவுவதால், எடுத்த துண்டில் ஒன்றும் இல்லை என்று வருவதும் நடக்கும். நாலில் ஒருவருக்காவது அப்படி ஆகிறது.

அப்புறம் எதற்கு என்று கேட்பீர்கள். அடுத்து வரப்போகும் மருந்துகளுக்காக. நோய் உறுதியானால் ஸ்டெராய்டு மட்டும் பல சமயம் போதாது. சைக்ளோபாஸ்பமைடை ட்ரிப்ஸாகச் சில மாதங்கள் ஏற்றுவார்கள், அல்லது ரிட்டுக்சிமாப் கொடுப்பார்கள். அதற்குப் பிறகு அசதயோப்ரின், மைக்கோபினோலேட் போன்ற மாத்திரைகள் ஒன்றிரண்டு வருடம் போகும். இவை எதிர்ப்பு சக்தியை அடியோடு குறைக்கும் மருந்துகள். உண்மையில் அது காசநோயாகவோ, ரத்தக்குழாய்க்குள் வளரும் லிம்போமா என்ற புற்றுநோயாகவோ இருந்தால்? ஊகத்தின் மேல் இவ்வளவு கனமான வைத்தியத்தை ஒருவர் மேல் ஏற்றுவதற்கு எனக்கு மனம் ஒப்புவதில்லை. என் வீட்டு ஆளாக இருந்தால், வேறு பரிசோதனைகளில் காரணம் தெரியாமல், எடுக்கத் தோதான இடமும் இருந்தால், சதைப் பரிசோதனைக்குச் சம்மதிப்பேன். ஆனால் ஸ்டெராய்டு அதிக நாள் போகப் போக, சதையில் நோயின் தடயம் மங்கும். ஆகவே எடுப்பதாக இருந்தால் தள்ளிப்போடாமல் எடுக்க வேண்டும்.

செலவு பற்றி நீங்கள் எழுதவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். சென்ட்ரலுக்கு எதிரே இருக்கும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் நரம்பியல் துறையும், நியூரோ சர்ஜரியும், எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் இந்த வகை மருந்துகளில் பழகிய மூட்டுவாதவியல் துறையும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. இந்த நோய்க்கு இந்த மூன்று துறையும் சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டும். இரண்டாவது கருத்துக்கு அங்கே போனால் இப்போது பார்க்கும் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்காதீர்கள். இவ்வளவு அரிதான நோயில் இன்னொருவரைக் கேட்பதை நாங்களே விரும்புவோம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள்.

இப்போது வீட்டில் நடப்பதற்கு வருவோம். ராத்திரி இரண்டு மணிக்குத் துணி அடுக்குவது ஸ்டெராய்டின் வேலை. தூக்கம் போகும், மனம் பரபரக்கும், சட்டென்று கோபம் வரும், சிலர் காரணமில்லாமல் அழுவார்கள். அவர் மாறிவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். மாத்திரையை மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுக்கிறீர்களா? டாக்டரிடம் கேட்டு, காலை எட்டு மணிக்குள் இட்லியோ தோசையோ சாப்பிட்டதும் ஒரே வேளையாகக் கொடுக்க முடியுமா என்று பாருங்கள், ராத்திரி கொஞ்சம் அடங்கும். சம்பந்தமில்லாமல் பேசுவது, யாரோ வருகிறார்கள் என்று பயப்படுவது போல இருந்தால் மட்டும் அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

காலையில் 110, சாயங்காலம் 290 என்று நீங்கள் குறித்து வைத்திருப்பதைப் பார்த்து எனக்கு மனம் நிறைந்தது. ஸ்டெராய்டு சுகர் அப்படித்தான் நடந்துகொள்ளும். காலையில் போட்ட மாத்திரை மதியத்துக்கு மேல் சுகரை ஏற்றிவிட்டு விடியற்காலைக்குள் இறங்கிவிடும். வெறும் வயிற்றில் மட்டும் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று பலர் ஏமாந்துபோகிறார்கள். நீங்கள் மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும், சாயங்காலமும் பார்த்து நோட்டில் எழுதுங்கள். 290 என்பதற்கு மருந்து தேவை. ஸ்டெராய்டை நிறுத்தாமலே சுகரை அடக்க முடியும், சில மாதம் இன்சுலின் போட வேண்டியிருக்கலாம். ஸ்டெராய்டு குறையக் குறைய பெரும்பாலும் அதுவும் குறையும்.

பிரஷரை தினமும் பாருங்கள். கையில் கட்டும் மெஷின் வாங்குவது நல்லது. 130/80-க்குள் நிற்க வேண்டும். இதில் ஸ்டெராய்டும் நமக்கு எதிராக வேலை செய்யும், ஏனென்றால் அது உடம்பில் உப்பையும் நீரையும் பிடித்துவைக்கும். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் கொஞ்ச காலம் பந்தியிலிருந்து எடுத்துவிடுங்கள். முகம் வீங்கியிருப்பது மாத்திரை குறைந்ததும் வடியும். எலும்பு தேயாமலிருக்கக் கால்சியமும் வைட்டமின் டி-யும் கொடுத்திருப்பார்கள். கொடுக்கவில்லை என்றால் கேளுங்கள். தலைவலிக்குப் பாராசிட்டமால் போதும். டைக்லோபினாக், இபுப்ரோபென் போன்ற வலி மாத்திரைகள் ஸ்டெராய்டோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம். யாராவது பக்கவாதத்துக்கு நல்லது என்று ஆஸ்பிரின் மாத்திரை கொடுத்தால் வாங்காதீர்கள். அடைப்பால் வந்த பக்கவாதத்துக்கு அது மருந்து, ரத்தம் கசிந்த தலைக்கு டாக்டர் சொல்லாமல் தொடக் கூடாது. சூரணமோ லேகியமோ கொடுக்கும் எண்ணம் இருந்தால் டப்பாவை டாக்டரிடம் காட்டிய பிறகு கொடுங்கள்.

மறுபடி கசியுமா? கசியலாம். அந்த வாய்ப்பைக் குறைப்பதற்குத்தான் இவ்வளவும். நோய் உறுதியாகி முறையாக மருந்து எடுப்பவர்களில் பெரும்பாலானவர்கள் தேறுகிறார்கள். கால்வாசிப் பேருக்கு மேல் மருந்து குறையும்போதோ நின்ற பிறகோ நோய் திரும்புகிறது. அதனால்தான் நன்றாக ஆன பிறகும் சில மாதங்களுக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்கள். அதைத் தவறவிடக் கூடாது. திடீரென்று கடுமையான தலைவலி, வாந்தி, முகம் கோணுவது, கை கால் துவள்வது, அரைத் தூக்கத்தில் இருப்பது, வலிப்பு, இதில் எது வந்தாலும் யாரையும் யோசனை கேட்காமல் 108-ஐ அழையுங்கள். ஏறியதும் இவர் ஸ்டெராய்டு எடுக்கிறார் என்று சொல்லுங்கள். காய்ச்சல் 100 டிகிரி தாண்டினாலும் அன்றைக்கே காட்ட வேண்டும். எதிர்ப்பு சக்தி குறைந்த உடம்பில் தொற்று சத்தமில்லாமல் வளரும்.

மகளுக்கு வராது. இது தொற்றும் நோய் இல்லை. இந்த வயதில் வரும் இந்த நோய் பரம்பரை நோயும் இல்லை. பத்தாம் வகுப்புப் பரீட்சை பக்கத்தில் இருக்கும் பிள்ளை, ராத்திரி அப்பா எழுந்து நடக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கும். அவளை உட்கார வைத்து, அப்பா மருந்தால்தான் அப்படி இருக்கிறார், மருந்து குறைந்தால் சரியாகிவிடுவார் என்று நீங்களே சொல்லுங்கள். இரண்டு மூன்று வாரத்துக்காவது ராத்திரியில் உங்கள் அண்ணனை வந்து துணைக்குப் படுக்கச் சொல்லுங்கள். அவர் அக்கறைக்கு அது நல்ல வேலை. நீங்களும் மூன்று மாதமாகத் தூங்கியிருக்க மாட்டீர்கள்.

வேலைக்கு இப்போது அவசரப்பட வேண்டாம். பிசியோதெரபியும் பேச்சுப் பயிற்சியும் ஆறு மாதம் வரை நன்றாகப் பலன் தரும், அதற்கு மேலும் தரும். டாக்டர் சொல்லும் வரை வண்டி ஓட்ட வேண்டாம். மேல்பரப்பில் கசிந்தவர்களுக்கு வலிப்பு வரும் வாய்ப்பு உண்டு, வலிப்பு மாத்திரை கொடுத்திருந்தால் ஒரு வேளைகூட விடாதீர்கள்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது ரிப்போர்ட் தாள்களை மட்டும் கொண்டுபோகாதீர்கள். விழுந்த அன்று எடுத்த முதல் சி.டி. ஸ்கேன், ஒன்பதாவது வார எம்.ஆர்.ஐ., இரண்டின் படங்களும் பதிந்த தட்டுகளை ஸ்கேன் சென்டரிலிருந்து கேட்டு வாங்கி ஒரே உறையில் போடுங்கள். சுகர் நோட்டும், அந்தத் தலைவலி பற்றி எழுதிய தாளும் அதற்குள் இருக்கட்டும். வலது பக்கக் குழாய்களில் என்ன தெரிகிறது என்று படத்தைப் போட்டுக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அதற்குக் கிடைக்கும் பதிலை எனக்கு எழுதுங்கள், மேற்கொண்டு பேசலாம்.